கொங்கு மண்ணில் கடைக்கால்: மனை பார்ப்பதிலிருந்து பேஸ்மட்டம் முடியும் வரை

எங்கள் அப்பா உடுமலைப் பக்கம் கரிசல் பூமியில் 1994இல் கட்டிய வீட்டின் தெற்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. சித்திரையில் பார்த்தால் கெட்டியான பழைய ஐந்து ரூபாய் நாணயம் அதற்குள் போகும். ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் நகம்கூட நுழையாது. மூன்று முறை கொத்திப் பூசியாயிற்று. அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே கோடு வந்து நிற்கும். செங்கல்லில் குறை இல்லை, கொத்தனார் வேலையிலும் குறை இல்லை. நாலடி ஆழத்துக்குக் கருங்கல் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், போட்டுத்தான் கட்டினார்கள். செம்மண் காட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கும் அதே நாலடிதான், அங்கே இன்றுவரை மயிரிழைக் கோடு கிடையாது. செம்மண் கணக்கை அப்படியே கரிசலுக்குக் கொண்டு வந்ததுதான் தப்பு.

இருபது வருடமாக வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தச் சுவர்தான் என்னை இந்தத் தொழிலில் ஒவ்வொரு மனையையும் புதிதாகப் பார்க்க வைத்தது. கொங்கு நாட்டில் வேலிகளுக்கு நடுவே போகும் ஓர் இட்டேரித் தடத்தைத் தாண்டினால் மண் மாறிவிடும். இந்தப் பக்கம் செம்மண், அந்தப் பக்கம் கரிசல், கொஞ்சம் மேட்டில் சுண்ணாம்புக் கலப்புள்ள கெட்டிச் சுக்கான், அதற்கும் மேலே வெறும் பாறை. அதனால் பக்கத்து வீட்டுக் கடைக்கால் கணக்கு உங்கள் மனைக்கு ஆகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

காகிதமும் எல்லைக் கல்லும்

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் ஒத்துப் போகிறதா என்று முதலில் பாருங்கள். புலப்பட வரைபடத்தை எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, நாலு மூலையிலும் கல் நட்டுவிடுங்கள். பக்கத்து மனைக்காரர் நிற்கும்போதே அளப்பது நல்லது. அரையடித் தகராறு பேஸ்மட்டம் போட்ட பிறகு வந்தால் தீராது.

மனை அங்கீகாரம் பெற்றதா என்பதும் முக்கியம். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த திட்டம், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளுக்குத்தான். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவதாக இருந்தால், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையம் வழியாகவே அனுமதி வாங்கிவிடலாம். அனுமதி கைக்கு வராமல் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள்.

மனையைச் சுற்றி நடங்கள்

இந்த வேலைக்குப் பணம் வேண்டாம், ஒரு முழு நாள் வேண்டும். முடிந்தால் சித்திரை வெயிலில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு மறுநாள் ஒரு முறை போய்ப் பாருங்கள். வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தால் கரிசல். மழைக்கு மறுநாள் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். நம் பக்கம் ஓடையைத்தான் பள்ளம் என்கிறோம். பத்து வருடமாகக் காய்ந்து கிடக்கிற பள்ளம்கூட ஒரு பெருமழைக்குத் தன் வழியைத் தேடி வரும். அதன் கரையை ஒட்டிய மனை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கும்.

சுற்றியுள்ள பழைய வீடுகளின் சுவரைப் பாருங்கள். வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போனால் நிலம் அசைகிறது என்று பொருள். எல்லா வீட்டிலும் அப்படி இருந்தால் மண்ணின் குணம். ஒரே வீட்டில் மட்டும் இருந்தால் அந்த வீட்டின் அடியில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள்.

கொங்கு நாட்டு மனைகளில் நான் அதிகம் பயப்படுவது மூடிய கிணற்றுக்குத்தான். இன்றைக்கு மனைப்பிரிவாக இருப்பதெல்லாம் நேற்றுத் தோட்டம். தோட்டம் என்றால் கிணறு இருக்கும், அதுவும் பாறையை உடைத்து இறக்கிய பெரிய கிணறு. மனை போடும்போது அதில் கட்டட இடிபாடு, தேங்காய் மட்டை, குப்பை எல்லாவற்றையும் கொட்டி, மேலே நாலடிக்குச் செம்மண் பரப்பி, சமமாக்கி, வெள்ளைக் கல் நட்டு விற்றுவிடுகிறார்கள். திருப்பூர், பல்லடம் பக்கம் இதே கதை கல் வெட்டியெடுத்த பாறைக்குழிகளுக்கும் நடக்கிறது.

பல்லடத்துக்குத் தெற்கே 5 சென்ட் மனை ஒன்றில் மூன்று குழி எடுத்தோம். இரண்டு குழியில் நாலடியில் ஜேசிபி பல் கிறீச்சென்று சுக்கானில் உரசியது. மூன்றாவது குழியில் நாலடி ஆகியும், ஆறடி ஆகியும் மண் மாவு போல வந்துகொண்டே இருந்தது. ஏழாவது அடியில் உடைந்த ஓடு, ஒரு சைக்கிள் டயர், மக்கிய தேங்காய் மட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போய், "ஏனுங் அப்பாரு, இந்த எடத்துல முன்னால என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். "கெணறு சாமி. நாலு சோடி மாடு கட்டிக் கவலை ஓட்டுன கெணறு. மூடி இருவது வருசமாச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலீங்களா?" என்றார். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. வரைபடத்தைத் திருத்தி, வீட்டை 14 அடி தள்ளி, கிணறு இருந்த மூலையைப் பூந்தோட்டத்துக்கு விட்டோம். படுக்கையறை அங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பழைய புலப்படத்திலும், கிராமக் கணக்கான அடங்கலிலும் கிணறு குறித்திருக்கலாம், பாருங்கள். ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று குழி எடுங்கள்

வீடு வரப்போகும் இடத்தின் எதிரெதிர் மூலையில் இரண்டு, நடுவில் ஒன்று என்று ஆறிலிருந்து எட்டடிக்குக் குழி எடுத்துப் பாருங்கள். ஜேசிபிக்கு இரண்டு மணி நேர வேலை. தூண் வரும் இடத்தைத் தவிர்த்துத் தோண்டுவது நல்லது. குழியின் பக்கவாட்டில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் எத்தனை அடி என்று டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழக் குழிக்குள் நீங்கள் இறங்க வேண்டாம், சரிந்து விழும்.

ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி மண் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டுங்கள். செம்மண்ணும் கிராவலும் பாதியிலேயே உதிர்ந்துவிடும். கரிசல் சந்தகை (இடியாப்பம்) நூல் மாதிரி மெல்லிசாக நீளும், அறாது. காய்ந்ததும் கையில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த மண்ணில் உள்ள களி, தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். எங்கள் வீட்டுச் சுவர் திறந்து மூடுவது இதனால்தான்.

கை உருட்டல் ஓர் அறிகுறி மட்டும்தான். மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், சலித்த காய்ந்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடிக் குழாயில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக ஊதியது என்பதுதான் அந்த மண்ணின் வீக்கக் கணக்கு. மாடி வீடு என்றாலோ, கரிசல் என்றாலோ, கொட்டிய மண் என்ற சந்தேகம் இருந்தாலோ துளையிட்டுத் தாங்குதிறன் பார்க்கும் சோதனையும் செய்துவிடுங்கள். டைல்ஸ் செலவில் ஒரு சின்னப் பங்குகூட வராது. அந்த அறிக்கையைக் கட்டமைப்புப் பொறியாளர் கையில் கொடுத்துத்தான் தூண், அதன் அடியில் வரும் புட்டிங் அளவுகளை வாங்க வேண்டும். அதை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எந்த மண்ணுக்கு என்ன கடைக்கால்

செம்மண்ணுக்கு அடியில் கெட்டிக் கிராவலோ சுக்கானோ நாலைந்து அடியில் வந்துவிட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர். தனித்தனிப் புட்டிங், தூண், தூண்களைத் தரைமட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீம் என்று போய்விடலாம். தரைத்தளம் மட்டும் என்றால் கருங்கல் கட்டின் மேல் கான்கிரீட் பெல்ட் போட்டாலும் போதும்.

பாறை என்றால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முழு வீடும் பாறையில் உட்கார்ந்தால் நல்லதுதான். கரட்டோரச் (சின்னக் குன்றோரச்) சரிவு மனையில் பாதி பாறையாகவும் பாதி கொட்டிய மண்ணாகவும் இருக்கும். பாறைமேல் உள்ள பாதி அசையாது, மண்மேல் உள்ள பாதி இறங்கும், வீடு நடுவில் பிளக்கும். மண் பக்கத்துத் தூண்களையும் பாறை வரை இறக்கியாக வேண்டும், ஆழம் கூடினாலும் சரி. பாறையின் மேலே பொருக்காக இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, சரிவைப் படியாக வெட்டி, துளை போட்டுக் கம்பி நட்ட பிறகு கான்கிரீட் போடுங்கள். பக்கத்தில் வீடுகள் இருந்தால் வெடி வேண்டாம். பிரேக்கரோ, துளையில் ஊற்றினால் ஊதிப் பாறையைப் பிளக்கும் ரசாயனக் கலவையோ போதும்.

கரிசலில் இரண்டு வழி உண்டு. நம் பக்கம் பல இடங்களில் கரிசல் நாலிலிருந்து ஆறடிதான், அதற்கடியில் சுக்கான் வந்துவிடும். அப்படியிருந்தால் கரிசலை முழுக்கக் கடந்து சுக்கானில் புட்டிங்கை உட்கார வையுங்கள். ஆழமான கரிசல் என்றால் அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்தான் சரி. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த முறை இது. பைலின் அடியில் அதன் விட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு ஒரு குமிழ் இருக்கும். மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில், குறைந்தது மூன்றரை மீட்டரில், அந்தக் குமிழ் வேர்போலப் பிடித்துக்கொள்ளும். பைல்களை இணைக்கும் பீம் மண்ணைத் தொடக்கூடாது. கீழே 80 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள், மண் ஊதும்போது பீமைத் தூக்காமல் இருக்க.

கொட்டிய மண்ணில் எதுவும் கட்டாதீர்கள். கெட்டி மண் வரை போங்கள், இல்லாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

பூமி பூஜைக்கு முன்னால்

போர்வெல்லை முதலிலேயே போட்டுவிடுங்கள். கடைக்கால் எடுத்த பிறகு போர் வண்டி உள்ளே வராது. போரிலிருந்து வரும் பாறைத்தூள் சேற்றை மனைக்கு வெளியே தள்ளிவிடுங்கள், அதன்மேல் எதையும் கட்டக்கூடாது.

புல் வேர் உள்ள மேல்மண் அரையடியை வழித்து எடுத்து ஓரமாகக் குவித்து வைத்தால் பின்னால் தோட்டத்துக்கு ஆகும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். பெரிய வேம்பு இருந்தால், செம்மண்ணில் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் போதும். கரிசலில் மரத்தின் உயர அளவுக்கு வீட்டைத் தள்ளுங்கள், வேர் தண்ணீரை உறிஞ்சும்போது அந்தப் பக்க மண் மட்டும் சுருங்கும்.

வாஸ்து நாள் வருடத்தில் எட்டு வரும். அதில் தையும் மாசியும் எனக்குப் பிடித்தவை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், மண் நனைந்து வெட்டச் சுலபமாக இருக்கும், கோடை மழைக்கு முன் பேஸ்மட்டம் ஏறிவிடும்.

கயிறு கட்டுவது

ஒரு மூலையில் முளை அடித்து, ஒரு பக்கம் 9 அடி, அடுத்த பக்கம் 12 அடி அளந்தால், குறுக்கே 15 அடி சரியாக வர வேண்டும். வந்தால் அது மூலைமட்டம். முழு வீட்டுக்கும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி கட்டச் சொல்லுங்கள். முளைகளை வெட்டும் இடத்திலிருந்து மூன்றடி தள்ளி அடியுங்கள், இல்லாவிட்டால் ஜேசிபி முதல் மணி நேரத்திலேயே பிடுங்கிவிடும்.

மட்டத்தை அசையாத ஓர் இடத்தில் பெயிண்டால் குறித்து வையுங்கள். பேஸ்மட்டம் சாலை நடுமட்டத்திலிருந்து குறைந்தது இரண்டடி, முடிந்தால் மூன்றடி உயரத்தில் இருக்கட்டும். சாலைமேல் சாலை போட்டு ஏற்றிக்கொண்டே போவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோமே.

வானம் பறித்தல்: கடைக்கால் குழி வெட்டுவது

ஜேசிபி வெட்டியதும் கடைசி அரையடியை ஆள் வைத்து வெட்டிச் சமப்படுத்துங்கள். அடியில் கடப்பாறையை ஓங்கிக் குத்திப் பாருங்கள். ஒரு குழியில் துள்ளித் திரும்பி, அடுத்த குழியில் பொதுக்கென்று இறங்கினால் வேலையை நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். தெரியாமல் ஆழமாக வெட்டிவிட்டால் மண்ணைப் போட்டு நிரப்பக்கூடாது, பி.சி.சி. எனும் கம்பியில்லாத கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். கரிசலில் குழியை வாரக்கணக்கில் திறந்து போடாதீர்கள். வெட்டிய இரண்டு மூன்று நாளில் பி.சி.சி. போட்டு மூடிவிடுங்கள். மழைத் தண்ணீர் நின்றால் இறைத்துவிட்டு, ஊறிய சேற்றைச் சுரண்டி எடுத்த பிறகே அடுத்த வேலை.

பி.சி.சி.க்குச் சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவை, ஒன்றரை அங்குல ஜல்லி, நாலிலிருந்து ஆறு அங்குலக் கனம். நன்றாகத் திம்சு போட்டுக் குத்தி இறுக்க வேண்டும்.

கம்பி, கான்கிரீட், தண்ணீர்

கம்பி வலைக்கு அடியில், அதைத் தூக்கி நிறுத்தும் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக் கட்டைகளை வையுங்கள். ஜல்லியையோ செங்கல் துண்டையோ வைத்தால் சம்மதிக்காதீர்கள். தூண் கம்பியின் கால் வலையின்மேல் உட்கார்ந்து கட்டப்பட்டிருக்க வேண்டும். வளையங்களின் கொக்கி உள்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும். கான்கிரீட் போடும் முன் பொறியாளர் நேரில் வந்து பார்க்கட்டும்.

கான்கிரீட் எம் 20 தரத்துக்குக் குறையக்கூடாது. கையால் அளந்து கலப்பதானால் 1:1½:3. ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 25 முதல் 27 லிட்டருக்குள். கலவை சுலபமாகப் பாயட்டும் என்று ஆட்கள் குடம் குடமாக ஊற்றுவார்கள், அந்த நேரத்தில்தான் பக்கத்தில் நில்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி நம் பக்கத்தில் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் அடி போரில் வரும் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நொய்யலை ஒட்டித் திருப்பூரிலிருந்து ஒரத்துப்பாளையம் வரை சாயக்கழிவு நிலத்தடி நீரில் என்ன செய்தது என்று அந்த ஊர் விவசாயிகளைக் கேட்டால் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. தாண்டினால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, பத்துப் பதினைந்து வருடத்தில் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும். ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, பொங்கலூர்க் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, புதுக் கான்கிரீட்டின் மேல் ஈரத்தைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். மேலே சிலந்திவலை மாதிரி வெடிப்பு வரும். மேல்பரப்பு இறுகியதும் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். பத்து நாளாவது, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் பதினான்கு நாள், சாக்கு காயவே கூடாது.

பேஸ்மட்டம்

தூண்களைச் சுற்றி மண் நிரப்பும் முன் ஒவ்வொரு குழியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூண்களுக்கிடையே கருங்கல் கட்டு வந்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை முழுக்க நிரம்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வெளியே அழகாகப் பூசிவிட்டு உள்ளே சில்லியைக் கொட்டி விடுவது ரொம்ப சாதாரணம். அரை நாள் கழித்து ஒரு கல்லைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மேலே பிளிந்த் பீம் எல்லாச் சுவருக்கும் அடியில் தொடர்ச்சியாக ஓட வேண்டும். 1900 பிப்ரவரியில் கோவையைக் குலுக்கிய நிலநடுக்கம் ஏறக்குறைய 6 அளவுடையது. 2002இல் வந்த நில அதிர்வு வரைபடத்தில் கோவை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலம். இந்த பீம் அதற்கும் சேர்த்துத்தான். சாக்கடை, தண்ணீர், ஒயரிங் குழாய்களுக்கு வழி இப்போதே விட்டுவிடுங்கள், பின்னால் பீமைக் கொத்த விடாதீர்கள்.

உள்ளே நிரப்புவதற்கு வெட்டியெடுத்த கரிசலைப் போடவே போடாதீர்கள், தரை ஊதி டைல்ஸ் எழும்பும். கிராவல் வாங்கி, அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் குத்த வேண்டும். மொத்த மண்ணையும் ஒரே நாளில் கொட்டித் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டால் மேல்பகுதிதான் இறுகும், அடியில் பொள்ளலாக இருக்கும், தரை ஒரு வருடத்தில் இறங்கும்.

கரையான் மருந்தை நிரப்பிய மண்ணின் மேலே, தரை கான்கிரீட்டுக்கு முன் அடிக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்து, சதுர மீட்டருக்கு 5 லிட்டர். கடைக்கால் சுவரை ஒட்டிய மண்ணுக்குச் சுவர்ப் பரப்பின் சதுர மீட்டருக்கு ஏழரை லிட்டர். கையுறை, முகமூடி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். போர், கிணறு, தொட்டி பக்கத்தில் அடிக்கவே கூடாது.

கடைசியாக, வெளியே. சுவரை ஒட்டிச் சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு வெளிப்பக்கம் சாய்வு கொடுங்கள். 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும், செப்டிக் டேங்க் உறிஞ்சு குழியையும், கரிசல் மனையில் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். எங்கள் அப்பா வீட்டில் அந்தத் தெற்குச் சுவரை ஒட்டித்தான் குளியலறைத் தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது. போன வருடம் அந்த வாய்க்காலை மாற்றி, சுவரோரம் தளம் போட்டோம். இந்தச் சித்திரையில் நாணயம் பாதிதான் நுழைந்தது.